ஒரு காதுக்கு இருநூத்தியொரு தட்டு

சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க படிக்கிற புத்தகத்தை நானும் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே வர்றேன். பக்கத்து ஆள் கையில பேப்பர் இருந்தாலே நமக்குக் கழுத்து நீண்டுரும். இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டு, பக்கத்துல தமிழ்ல அர்த்தம் போட்டிருக்கான். நடுவுல ஒன்னு இருக்கு பாருங்க, இந்தா, இந்த இடத்துல. 'எதிராளியை விட அதிகமாகச் செலவழித்தல்.' இம்புட்டுக்கும் சேத்து ஒரே வார்த்தையா? பரவாயில்லையே. நீங்க வாத்தியாரா சார்? ரொம்ப நல்லது.

அதுக்குக் கீழ உதாரணம் என்ன போட்டிருக்கான், வாசிங்க. ரெண்டு சோப்புக் கம்பெனி விளம்பரத்துல போட்டி போட்டுச்சாக்கும். அடப் போங்க சார், இது ஒரு உதாரணமா? கம்பெனிக்காரன் செலவழிச்சதை அடுத்த மாசமே சோப்பு விலையில ஏத்திருவான். அவனுக்கென்ன வலி? உதாரணம் வேணும்னா என்னைக் கேளுங்க. நான் செக்கானூரணியில இறங்கணும். இப்பத்தான் ஆண்டிபட்டியே தாண்டியிருக்கு, நேரம் கிடக்கு.

என் பேரு ஒச்சப்பன். ஆண்டிபட்டிக்குத் தெக்க செங்கல் காளவாசல் வச்சிருக்கேன், அப்பா காலத்துல இருந்து. அந்தா முன்னாடி, டிரைவருக்குப் பின் சீட்டுல, நீலச் சட்டை, உச்சந்தலையில லேசா வழுக்கை, தெரியுதா? அவன் தவசி. என் கூடப்பிறந்த தம்பி. விரலை நீட்டாதீங்க சார், மேல இருக்கிற கண்ணாடியில பாத்துருவான்.

ஆமா, ஒரே பஸ்லதான் போறோம். ஒன்னாப் போகல, ஒரே பஸ்ல போறோம். தங்கச்சி உத்தரவு அப்படி. "ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வரணும், வெறுங்கையோட வரணும். காரு, வேனு, தட்டு, பழம், ஒன்னும் வரக்கூடாது. ஒரு பூவோட வந்தாக்கூட வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன்"னு சொல்லிட்டா. ஒரே பஸ்லன்னுதானே சொன்னா? ஒரே சீட்டுலன்னு சொல்லலையே. அதான் அவன் முன்னாடி, நான் பின்னாடி. வெறுங்கையோட தங்கச்சி வீட்டுக்குப் போறது இதான் சார் முதல் தடவை. இந்தக் கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல. மடியில வச்சாப் பிச்சை கேக்கிற மாதிரி இருக்கு, கட்டிக்கிட்டா கோவமா இருக்கிற மாதிரி இருக்கு.

கோவமா? எனக்கா? எனக்கு அவன் மேல கோவமே கிடையாது. அவன் ஹாலோபிளாக் கம்பெனி வச்சதுக்குக் கூட நான் கோவப்படல. அண்ணன் செங்கல் சுடுறான், தம்பி அதே ரோட்டுல எதிர்த்தாப்புல ஹாலோபிளாக் போடுறான். நடுவுல ஓட்டை விட்ட கல்லு சார் அது! காத்தை வித்துக் காசாக்குறான். என்கிட்ட இருபது வருசமா கல்லு எடுத்த கொத்தனாரெல்லாம் அங்கிட்டுப் போயிட்டாக. அதுக்கும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. பேச்சுவார்த்தை இருந்தாத்தானே கேக்குறதுக்கு. மூனு வருசமாச்சு.

தங்கச்சி பேரு பேச்சி. எங்க ரெண்டு பேருக்கும் இளையவ. அவளைக் கட்டுன மாப்பிள்ளை காசிமாயன், தங்கமான மனுசன், செக்கானூரணிப் பக்கம் ரெண்டு அறை வீட்டுல குடித்தனம். அவுகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருசம் கழிச்சு ஒரு பொம்பளைப் புள்ள பிறந்துச்சு. லித்திகான்னு பேரு வச்சிருக்காக. வாயில நுழையல, நான் லட்டுன்னுதான் கூப்பிடுவேன். போன தையில அந்தப் புள்ளைக்கு மூனு வயசுல காதுகுத்து. குலதெய்வம் கோயில்ல வச்சு, மொட்டையடிச்சு, தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் குத்தணும்.

நீங்க தஞ்சாவூர்ப் பக்கமா? அப்ப உங்க ஊர்ல தாய்மாமன் ஒரு தட்டோட வந்து கௌரவமா நிப்பாரு. எங்க பக்கம் அப்படி வந்தா, "மாமன் வர்ற வழியில மிச்சத்தைத் தொலைச்சுட்டாரா"ன்னு கேப்பாக. தட்டு வரிசையாப் போகணும், மேளம் முன்னாடி போகணும், வெடி பின்னாடி போகணும். ஊரு வாசல்ல நின்னு எண்ணும். எண்ணிட்டு வருசக்கணக்காப் பேசும்.

இதுல சிக்கல் என்னன்னா, புள்ள ஒன்னு, மாமன் ரெண்டு, மடியும் ரெண்டு. எந்த மடி?

மூத்தவன் மடின்னு நான் சொன்னேன். நியாயந்தானே? மாப்பிள்ளைக்கு வேலை வாங்கிக் குடுத்தவன் மடின்னு அவன் ஆள் விட்டுச் சொன்னான். பேச்சி பாவம், நடுவுல நின்னு தவிச்சா. கடைசியில அவளே ஒரு வழி சொன்னா. வலது காது பெரியண்ணன் மடியில, இடது காது சின்னண்ணன் மடியில. காதுக்கு ஒரு மாமன். நல்ல தீர்ப்புதான். அத்தோட விட்டிருந்தா ஒன்னுமில்ல.

தவசி அம்பத்தியொரு தட்டு எடுக்கிறான்னு சேதி வந்துச்சு. நான் அம்பத்தியொன்னே எடுக்கலாம்னுதான் இருந்தேன், சத்தியமா. ஆனா மூத்தவன் சமமா எடுத்தா அது குறைச்சல் இல்லையா? அதனால நூத்தியொன்னு சொன்னேன். அவன் நூத்தி அம்பத்தியொன்னுன்னான். நான் இருநூத்தியொன்னுன்னேன். போட்டியெல்லாம் இல்ல சார். போட்டி போடுறது அவன். நான் மரியாதையைக் காப்பாத்துறேன்.

இருநூத்தியொரு தட்டுல என்ன வைக்கிறதுன்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா? முதல் நாப்பது சுலபம். சேலை, வேட்டி, பழம், இனிப்பு, வளையல், பொம்மை. அறுபதுல மூச்சு வாங்கும். நூறுக்கு மேல போனா மளிகைக்கடையையே சுத்தி வரணும். சீனி, ரவை, ஊதுபத்தி, குளியல் சோப்பு. கடைசிப் பத்துத் தட்டுல பாத்திரம் தேய்க்கிற நாரு வச்சேன், மேல ரோசாப்பூ வச்சு மறைச்சு. அவன் எம்புட்டு மோசம் தெரியுமா? பாதித் தட்டுல ஒத்தைத் தேங்காயை வச்சுக் கணக்கை நேர் பண்ணிட்டான்.

தட்டைத் தூக்கப் பொம்பளையாளு வேணுமே? மொத்த ஊர்லயும் தட்டுத் தூக்குற தெம்புள்ளவக நூறு பேருகூட இல்ல. அவுக முதல்ல அவன் தட்டைத் தூக்கிக் கோயில்ல எறக்கி வச்சுட்டு, குறுக்குப் பாதையில ஓடி வந்து என் தட்டைத் தூக்கிக்கிட்டுப் போனாக. மூனாவது நடையில ஒரு அம்மா தட்டோட வேப்ப மரத்தடியில உக்காந்துருச்சு. "அண்ணே, மாமனுக ரெண்டோட நின்னது நல்லதாப் போச்சு, இன்னொரு மாமன் இருந்தா நான் இங்கேயே அடக்கம்"னுச்சு. எல்லாரும் சிரிச்சாக. எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம், அது கையில இருந்தது என் தட்டு.

பெரிய சாமான் தனி. அவன் ஒரு பிரிட்ஜ் வாங்கிட்டான்னு தெரியாம நானும் ஒரு பிரிட்ஜ் வாங்கிட்டேன். சரி, தெரிஞ்சுதான் வாங்குனேன், அதைவிட ஒரு சாண் உசரமா. பேச்சி வீட்டுல இப்ப ஒரு பிரிட்ஜ் ஆட்டுக்கொட்டகையில நிக்குது, உள்ள சேலையை மடிச்சு வச்சிருக்கா. எந்தப் பிரிட்ஜுன்னு நான் கேக்கல. அவனுதாத்தான் இருக்கும்.

கோயிலுக்குள்ள நுழையிற இடத்துல ரெண்டு பிளக்ஸ். அவனுது இருபதடி. என்னுது முப்பது. அவன் பிளக்ஸ்ல மூலையில புள்ள படம் ரேசன் கார்டு போட்டோ அளவுல இருந்துச்சு. என்னுதுல? என்னுதுல வைக்கல சார். இடம் பத்தல.

இருங்க, கண்டக்டர் வர்றாரு. நான் இந்த நூறு ரூபாயைக் கையிலயே மடிச்சு வச்சிருக்கேன் பாருங்க. தட்டு வேணாம், பழம் வேணாம்னு சொன்னாளே ஒழிய, டிக்கெட் எடுக்கக் கூடாதுன்னு பேச்சி சொல்லல. அவர் கிட்ட வந்ததும், "செக்கானூரணி ரெண்டு, ஒன்னு முன்னாடி நீலச் சட்டைக்கு"ன்னு சத்தமாச் சொல்லப் போறேன். பஸ்ஸே கேக்கணும். அவன் திரும்பிப் பாக்கணும். மூத்தவன் யாருன்னு தெரியணும்ல?

அட, பின்னாடி போயிட்டாரு. கூட்டத்துல கவனிக்கல போல. திரும்பி வருவாரு, வரட்டும்.

எங்க விட்டேன்? ஆங், காதுகுத்து. அவன் கேரளாவுல இருந்து செண்டை மேளம் இறக்கியிருந்தான், இருபது பேரு. கோயில் தகரக் கூரை அதிருது. பக்கத்துல இருக்கிறவன் பேசுறது கேக்கல. நான் சும்மா இருக்க முடியுமா? பத்தாயிரம் வாலா ரெண்டு வாங்கிச் சுத்துச்சுவர் நெடுகப் போட்டு வச்சிருந்தேன். என் மடியில புள்ள உக்காந்து, ஆசாரி வலது காதுல கம்பியை வைக்கிறப்ப நான் தலையாட்டுவேன், அப்பப் பத்த வைக்கணும்னு ஆளுக்குச் சொல்லியிருந்தேன். இடது காது குத்துறப்ப அவனுக்கு வெடியே இருக்காது பாருங்க. ஊரு அதையும் கவனிக்கும்ல?

புள்ள என் மடியில வந்து உக்காந்துச்சு. மொட்டைத் தலையில சந்தனம். பாவாடையைக் கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, "மாமா, வலிக்குமா?"ன்னு கேட்டுச்சு. "வலிக்காதுடா லட்டு, மாமன் இருக்கேன்ல"ன்னேன். நம்பிருச்சு சார். கையை எடுத்து என் கைக்குள்ள வச்சுக்கிச்சு. ஆசாரி குனிஞ்சாரு. நான் தலையாட்டுனேன்.

என்ன சத்தம்! நானே ஒரு நிமிசம் ஆடிப்போயிட்டேன். கம்பி சரியாத்தான் இறங்குச்சு, சாமி புண்ணியத்துல பெரிய காயம் ஒன்னுமில்ல. ஆனா புள்ள ஒரு துள்ளு துள்ளி, என் கையை உதறிட்டு ஓடிருச்சு. தட்டு வரிசைக்குள்ள பூந்து, தேங்காயெல்லாம் உருள, அந்தப் பக்கம் போய் என் பிளக்ஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. ரெண்டு காதையும் ரெண்டு கையால பொத்திக்கிட்டு. தவசி மடியை விரிச்சு வச்சபடி அப்படியே உக்காந்திருந்தான், மடியில யாரும் இல்லாம. ஆசாரி கம்பியோட நின்னாரு. யாரு கூப்பிட்டும் வரல. அப்பா கூப்பிட்டு வரல, மிட்டாய்க்கு வரல. இடது காது குத்தவே இல்ல.

எல்லாம் அந்தச் செண்டை மேளத்தால வந்தது. காலையில இருந்து அடிச்சு அடிச்சுப் புள்ள முதல்லயே மிரண்டு போச்சு. என்ன சார் பாக்குறீங்க? வெடியா? வெடி ஒரு நிமிசந்தானே போட்டோம்?

அன்னைக்கு ராவோட ராவா பேச்சி எங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டா. தட்டெல்லாம் சத்துணவுக் கூடத்துக்குக் குடுத்துட்டா, முன்னூத்தி அம்பத்திரண்டு தட்டு, அங்க இப்பப் பிள்ளைக அதுலதான் சாப்பிடுதாம். போன் பண்ணுனா எடுக்கிறதில்ல. மாப்பிள்ளைதான் தோட்டத்துல நின்னு ரகசியமாப் பேசுவாரு.

ரெண்டு தடவை நேர்லயும் போய்ப் பாத்தேன். என்னைப் பாத்ததும் புள்ள ரெண்டு காதையும் பொத்திக்கிருச்சு. விளையாட்டுக் காட்டுதுன்னு நெனச்சேன். நானும் பொத்திக்கிட்டு "பே"ன்னேன். சிரிக்கல. அடுத்த தடவையும் அப்படித்தான். தவசி போனாலும் அப்படித்தானாம், மாப்பிள்ளை சொன்னாரு. அதைக் கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக்கூட இருந்துச்சு. இப்படியும் ஒரு புத்தி.

ஆனி பிறந்ததும் பள்ளிக்கூடத்துல சேத்தாக. ஒத்தைக் காதுல தோடு, இன்னொரு காது மூளி. வகுப்புல 'ஒத்தைத்தோடு, ஒத்தைத்தோடு'ன்னு கூப்பிடுறாங்களாம். புள்ள இருக்கிற தோட்டையும் கழட்டிக் குடுத்துட்டு, "எனக்கு ரெண்டு காதும் வேணாம்"னு சொல்லுச்சாம். மாப்பிள்ளை அதைப் போன்ல சொல்லும்போது நான் காளவாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு சார். புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன். அன்னைக்குச் சூளையே பத்த வைக்கல.

சரி. வெடி என்னுதுதான். உங்ககிட்ட என்ன மறைக்க? தலையாட்டுனதும் நான்தான்.

போன வாரம் பேச்சியே கூப்பிட்டா, எட்டு மாசம் கழிச்சு. ஆசாரி வீட்டுக்கே வர்றாராம். மேளம் கிடையாது, ஆளு கிடையாது. "ஒரு மாமன் மட்டும் வந்து குத்துனா, நாளைக்கு அது ஒரு கதையாகும். ரெண்டு பேரும் வாங்க. புள்ள உங்களைப் பாத்துக் காதைப் பொத்தாம இருந்தா அன்னைக்கே குத்துவோம். பொத்துனா, இனிமே ரெண்டு பேரும் என் வாசலுக்கே வர வேணாம்"னுட்டா. சொன்னதைச் செய்வா சார் அவ. எங்க கூடப் பிறந்தவதானே.

நானும் ஒன்னு யோசிச்சு வச்சிருக்கேன். வலது காது குத்துனப்ப நடுவுல கலவரமாயிருச்சு, அதனால அது கணக்குல சேராது. ஆக, இன்னைக்கு இடது காதும் என் மடியிலதான்னு பேச்சிகிட்டக் கேக்கப் போறேன். ஏன் சார் சிரிக்கிறீங்க? நியாயம் இருக்குல்ல?

உசிலம்பட்டி வந்தாச்சு. இனி இருபது, இருபத்தஞ்சு நிமிசம். இந்தா, கண்டக்டர் வர்றாரு. இந்தத் தடவை விடக்கூடாது.

அண்ணே! கண்டக்டர் அண்ணே! செக்கானூரணி ரெண்டு! ஒன்னு முன்னாடி உக்காந்திருக்கிற நீலச்...

என்னது?

யாரு எடுத்தா?

கேட்டீங்களா சார்? ஆண்டிபட்டியில ஏறுன உடனே எனக்கும் சேத்து எடுத்துட்டானாம். "பின்னாடி வெள்ளைச் சட்டை, எங்க அண்ணன். அவராக் கேட்டாச் சொல்லுங்க, இல்லாட்டிச் சொல்ல வேணாம்"னு சொன்னானாம். சொல்ல வேணாம்னு சொல்லியிருக்கான் சார்.

நாசமாப் போறவன். நான் அரை மணி நேரமா நூறு ரூபாயைக் கையில வச்சு நனைச்சுக்கிட்டிருக்கேன், பஸ்ஸே கேக்கணும்னு. அவன் எப்பவோ காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுட்டு, ஒன்னும் தெரியாதவன் கணக்கா முன்னாடி உக்காந்திருக்கான். எங்க குடும்பத்துல சத்தமில்லாம யாரும் ஒன்னுமே செஞ்சது கிடையாது. அப்பா ஒரு ஆட்டுக்குட்டி வாங்குனாக்கூட மேளம் வச்சுத்தான் கூட்டிக்கிட்டு வருவாரு. இவன் எங்க கத்துக்கிட்டான் இதை?

எட்டு மாசமா அவனும் காதைப் பொத்துற புள்ளையைத்தானே பாத்துக்கிட்டு வந்திருக்கான். அதான். நான் பாத்துட்டு வந்து செண்டை மேளத்தைத் திட்டுனேன். அவன் பாத்துட்டு வந்து வேற என்னமோ யோசிச்சிருக்கான்.

வலிக்குது சார். நெசமாவே வலிக்குது. பிரிட்ஜ்ல தோத்திருந்தாக்கூட இப்படி வலிச்சிருக்காது. ஆனா நல்லாவும் இருக்கு. அண்ணன்னு சொல்லியிருக்கான் பாத்தீங்களா, ஒரு மூனாம் மனுசன்கிட்ட? மூனு வருசம் கழிச்சு அந்த வார்த்தை கண்டக்டர் வழியா வந்து சேருது.

இடது காது அவன் மடியிலதான் சார். நான் கேக்க மாட்டேன். அன்னைக்கு விரிச்ச மடியோட உக்காந்திருந்தான்ல, அது எனக்கு இப்பத்தான் கண்ணுக்குள்ள வருது.

செக்கானூரணி இன்னும் ரெண்டு ஸ்டாப்புதான். அவன் பக்கத்து சீட்டு உசிலம்பட்டியிலயே காலியாயிருச்சு. நான் அங்கிட்டுப் போறேன். என்ன பேசுறதுன்னு தெரியல. ஹாலோபிளாக் எப்படிப் போகுதுன்னு கேக்கலாமா? வேணாம், வேற ஒன்னு தோணுது. வாசல்ல போய் நின்னதும் புள்ள எங்களைப் பாத்துக் காதைப் பொத்தும்ல? அது பொத்துறதுக்கு முன்னாடியே நாங்க எங்க காதைப் புடிச்சுக்கிரணும். ரெண்டு மாமனும், குறுக்குக் கை போட்டு, தோப்புக்கரணம். பள்ளிக்கூடத்துல பாத்திருக்கும், அதுக்குப் புரியும். சிரிச்சுருச்சுன்னா கை தானா இறங்கிரும்.

கையை எங்க வைக்கிறதுன்னு தெரியலைன்னு சொன்னேன்ல சார்? தெரிஞ்சுருச்சு.

முட்டிவலிதான், பரவாயில்ல. அவன் பத்துப் போடட்டும். நான் பதினொன்னு போடுவேன்.